எட்டு, ஒன்பது

முதல் கையுறை அங்கியின் கைக்கு உள்ளே.
இரண்டாவது வெளியே, மணிக்கட்டை மூடி.
அரை மணிக்கொருக்கால் மாற்ற வேண்டும்,
கிழியாவிட்டாலும்.
கிளிநொச்சி வெயில் யன்னல் கம்பியைச் சுடுகிறது.
உள்ளே நான் அவிகிறேன்.

கண்ணாடிக்கு அப்பால் ஜெனிற்றா.
போன கிழமை வரை இந்தக் கதிரை அவளுடையது.
எட்டு வாரம் என்றாள்.
மேற்றன் வேறொன்றும் கேட்கவில்லை,
பட்டியலை அழித்து எழுதினா.
இப்போது அவள் வேலை வாசிப்பது:
கோப்பைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து
இலக்கம் இலக்கமாக.
தொண்ணூற்றைந்து என்று ஒருநாளும் இல்லை.
ஒன்பது. ஐந்து.
நான் திருப்பிச் சொல்வேன்.

பேரின்பநாதன் பவளராணி.
உயரம் நூற்று ஐம்பத்திரண்டு.
நிறை ஐம்பத்தொன்பது...
ஜெனிற்றா அந்த இடத்தில் நின்றாள்.
"இது ஆனி மாதத்து நிறை, அக்கா.
ஆள் இப்ப உடுப்புக்குள்ள இல்லை."

குப்பியை இன்னும் துளைக்கவில்லை.
நெக்டோச் சோடா நிறத்தில்,
குடிக்கலாம் போல இருக்கும் அந்த மருந்து
ஒரு துளி சிந்தினால்
அறையையே மூடவேண்டும்.
அதை அப்படியே வைத்துவிட்டு வந்தோம்.

மறுபடி தராசு. செருப்பில்லாமல், கைப்பை இல்லாமல்.
ஐம்பத்திரண்டு.

டொக்டர் மேல் வாட்டில்.
நாற்பது நிமிடம்.
ஒரு மணி மாங்குளம் பஸ் போய்விட்டது.
மன்னிப்புக் கேட்கத்தான் அவளிடம் போனேன்.

"மிஸ்ஸி, நான் பதினொரு வருசம்
அம்பகாமப் பக்கம் மிதிவெடி எடுத்தனான்.
றேக்கால மண்ணை இழுக்கிறதுதான் வேலை.
ஒரு பாய் அகலம் முடிஞ்சா அது நல்ல நாள்.
சந்தேகம் எண்டா விசில் ஊதுவினம்,
எல்லாரும் வந்த வழியால வெளிய.
பிறகு பாத்தா மீன்பேணி.
பேணிக்கு ஏன் விசில் எண்டு
ஒருத்தரும் கேட்டதில்லை."

புது அளவு வந்தது.
எட்டு. ஒன்பது.
எட்டு. ஒன்பது.
மூன்று சிறிஞ்சு,
ஒன்றும் முக்காலுக்கு மேல் நிரம்பாமல்.
குப்பிக்குக் காற்றை அள்ளிக் கொடுத்தால்
முகத்தில் சீறும்.
கொடுப்பது குறைவாக, வாங்குவது கூட,
வட்டிக்குக் கொடுப்பவளைத் தலைகீழாக்கியது போல.

அவளுக்கு இடது கையில்தான் போடலாம்.
அதிலும் நல்ல நரம்பு ஒன்றே ஒன்று.
"எரிஞ்சா உடன சொல்லுங்கோ. பொறுக்க வேண்டாம்."
இதை நான் இரண்டு தரம் சொல்வேன்.
வன்னியில் எனக்குப் பயம்
கத்துகிறவர்களில் இல்லை,
எதையும் பொறுத்துப் பழகியவர்களில்.
மருந்து நரம்பை விட்டு வெளியே போனால்
சதை வெந்துவிடும்.
பல்லைக் கடித்துக்கொண்டு
"ஒண்டுமில்லை மிஸ்ஸி" என்பார்கள்.

சேலைன் ஓட ஓட, கொஞ்சம் தள்ளி,
பின்னே இழுத்து, இரத்தம் பார்த்து,
பிறகு கொஞ்சம்.

"அந்தச் சின்ன மிஸ்ஸி ஏன் கிட்ட வாறேல்லை?"
நான் சிறிஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவள் தானே தலையாட்டினாள்.
"எங்கட இடத்திலயும் அப்பிடித்தான்.
தெரிஞ்ச அண்டைக்கே கந்தோருக்கு மாத்திப் போடுவினம்.
நாங்கள் ஒண்டும் கதைக்கிறேல்லை.
தோடம்பழம் வாங்கிக் குடுப்பம்."

வீட்டுக்குரியவற்றைச் சொன்னேன்.
சலம் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்.
இரண்டு நாளைக்குக் கக்கூசில்
இரண்டு தரம் தண்ணீர், மூடியைச் சாத்தி.
சத்தி பட்ட உடுப்பு தனியே,
தோய்ப்பவருக்குக் கையுறை.

"அப்ப கக்கூசைச் சுத்திச்
சிவப்புத் தடி நட்டுவிடவோ?"

சிரித்ததில் கை அசைந்தது.
அசையாதேங்கோ என்றேன்,
முகமூடிக்குள் நானும் சிரித்தபடி.
மூன்றாவது சிறிஞ்சில் இன்னும் ஆறு மில்லி.
நிறுத்தினேன். பின்னே இழுத்தேன்.
இரத்தம் வந்தது.